சுவரில் பன்னிரண்டு தப்புகள்

ஆகஸ்ட் 8, செவ்வாய்

விதித் தாள் நான்கு பக்கம் வந்துவிட்டது. தலைமையாசிரியர் வோண்ட்ரா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார், படிக்கவில்லை. "ஒரே பக்கம், லோர்னா. பெத்தவங்க கையெழுத்துப் போடற இடம் எங்க இருக்குன்னுதான் தேடுவாங்க. அதுக்கு மேல இருக்கறத யாரும் படிக்க மாட்டாங்க."

முப்பத்தொரு வருடம் ஹாலோவே ரெக்கார்டில் நிருபராக இருந்தவளுக்கு நீளம் குறைக்கத் தெரியாதா. மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் ஆக்கிவிட்டேன். நாற்பத்திரண்டு வரி. பதினொன்றாம் வகுப்பு, அமெரிக்க வரலாறு, ஐந்து விதிகள். தொலைபேசி, கதவருகே தொங்கும் துணிப்பையில் அவரவர் எண் போட்ட சிறு பைக்குள் போக வேண்டும். வீட்டுப்பாடம் மணி அடிக்கும்போது என் மேசையில் இருக்க வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் பூஜ்யம். கழிப்பறைக்குப் பருவத்துக்கு மூன்று சீட்டு. கருத்தை மறுக்கலாம், ஆளைக் கேலி செய்யக் கூடாது.

ஐந்தாவதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். "இந்த வகுப்பில் நான் சொல்லும் தகவலில் தப்பு இருந்தால், ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரத்துடன் யார் காட்டினாலும், திருத்தம் என் கையெழுத்துடன் சுவரில் ஒட்டப்படும். ஆண்டு முடியும்வரை அங்கேயே இருக்கும். காட்டியவருக்கு இரண்டு மதிப்பெண்."

பத்திரிகை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு இங்கே கொடுத்திருப்பது ஒரு வருட நியமனக் கடிதம். ஏப்ரல் 15-க்குள் பள்ளிக் குழு கூடி என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று ஓட்டெடுப்பு நடத்தும். ஊர் தேர்ந்தெடுத்த ஆறு பேர். ஐம்பத்தேழு வயது, ஒரு பழுதான முழங்கால், மருத்துவக் காப்பீடு இந்த வேலையோடு மட்டும்தான் வருகிறது. இந்த வேலை எனக்கு வேண்டும். சுற்றி வளைத்து எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

முதல் நாள். இருபத்தேழு பேர். தாளை உரக்கப் படித்தேன்.

கடைசி வரிசையில் கிப் என்று ஒரு பையன், நீள நீளமான கால்கள், நாற்காலிக்குள் அடங்காதவை. இரண்டாம் விதியில் கை தூக்கினான்.

"மிஸ், யாராவது செத்துட்டா?"

"யாரு?"

"சும்மா பேச்சுக்கு. நான்னு வெச்சுக்கங்களேன்."

"நீ செத்துட்டா பாடம் குடுக்க வேண்டாம்."

"எழுத்துல தருவீங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும். முன்வரிசையில் மரிபெல் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இறைச்சி ஆலையில் இரண்டு ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள். அவள் தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாவது விதி, மிஸ். நீங்க சொல்றது மட்டுமா, பாடப் புத்தகமும் சேர்த்தியா?"

"நான் சொல்றது. புத்தகம் தப்பா இருந்து, நான் அதை அப்படியே சொன்னாலும் அது என் தப்பு."

அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இருபத்தைந்து கையெழுத்து வந்துவிட்டது. ஒரு தகப்பனார் தொலைபேசி விதிக்குப் பக்கத்தில், "இந்தப் பை எங்கே கிடைக்கும், விலை என்ன?" என்று கேட்டிருக்கிறார். கிப்பின் அம்மா கையெழுத்து அவன் கையெழுத்து மாதிரியே கோணலாக இருந்ததால் அவரைக் கூப்பிட்டேன். "நான்தாங்க போட்டேன். டிராக்டர் மேல வெச்சுப் போட்டது, அதான் அப்படி" என்றார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க. அவனை நான் பெத்திருக்கேன், எனக்கே சந்தேகம் வரும்."

பக்கத்து அறையில் டுவேன். கால்பந்துப் பயிற்சியாளர், ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறும் அவர்தான். அவருடைய விதித் தாளில் ஒரே வரி: ஒழுங்காக இரு. என்னுடையதைப் படித்துவிட்டு, "அஞ்சாவதைத் தூக்கிடு லோர்னா. இதுகளுக்கு ரத்த வாடை காட்டக் கூடாது. நான் இருபத்தாறு வருஷமா தப்பா சொல்லிட்டிருக்கேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கல. எவ்ளோ நிம்மதியா இருக்கேன் பாரு" என்றார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

முதல் திருத்தம். மரிபெல்.

சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரும் ஜூலை 4 அன்று கையெழுத்திட்டார்கள் என்று நேற்றுச் சொன்னேன். வாய் தவறவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. தேசிய ஆவணக் காப்பகத்தின் பக்கம் ஒன்று, நூலகத்திலிருந்து ஒரு வாழ்க்கை வரலாறு, இரண்டையும் அடையாளத் தாள் செருகிக் கொண்டுவந்திருந்தாள்.

மஞ்சள் அட்டையில், பத்திரிகையில் எழுதுவது போலவே எழுதினேன். என்ன சொன்னேன், சரியானது என்ன, தவறுக்கு வருந்துகிறேன், லோ. ருஸ்கா. பத்திரிகையில் திருத்தம் போவது இரண்டாம் பக்கத்தின் அடியில், பழைய டிராக்டர் விளம்பரத்துக்கும் கீழே. இங்கே கரும்பலகைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில். கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 30, புதன்

கிப் வகுப்பில் தூங்குவதை நிறுத்திவிட்டான். நான் எப்போது தடுக்கி விழுவேன் என்று காத்திருக்கிறான்.

செப்டம்பர் 6, புதன்

விழுந்தேன். நம் நெப்ராஸ்கா மாநிலமானது 1876 என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். 1867. இலக்கம் இடம் மாறிவிட்டது.

கிப் எழுந்தே விட்டான். சட்டைப் பையைத் துழாவி இருபத்தைந்து சென்ட் நாணயம் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தான். நம் மாநிலத்துக்காக அடித்த நாணயம், மேலே 1867 என்று பொறித்திருக்கிறது.

"காசு ஒரு ஆதாரமாகுமா மிஸ்?"

"யார் அடிச்சது?"

"அரசாங்கம்."

"ஆகும். ரெண்டாவது?"

பாடப் புத்தகத்தைத் திறந்தான். என் கணக்கில், இந்த வருடம் அவன் அதைத் திறந்தது அதுவே முதல் தடவை.

செப்டம்பர் 19, செவ்வாய்

இன்று மூன்று திருத்தக் கோரிக்கை, மூன்றும் தள்ளுபடி. ஒன்றில் இரண்டு இணையதளங்கள், ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் காற்புள்ளி. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. இரண்டு வாய், ஒரே தகவல் என்றேன். "இது அநியாயம் மிஸ்" என்று முனகினார்கள். பிறகு அரை மணி நேரம் எது எதைப் பார்த்து எழுதியது என்று அவர்களே துப்புத் துலக்கினார்கள். நான் பாடமே எடுக்கவில்லை. எடுத்ததைவிட நன்றாக இருந்தது.

இன்னொருவன் தன் மாமாவையே ஆதாரமாகத் தொலைபேசியில் பிடித்துவிட்டான். தொலைபேசியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். மாமா உள்ளே இருந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 3, செவ்வாய்

முதல் தேர்வு முடிவு. இருபத்தேழில் இருபத்து நான்கு பேர் தேர்ச்சி. போன வருடம் இதே தேர்வில் பதினேழு பேர்தான் என்றார் வோண்ட்ரா. சுவரில் ஆறு அட்டை. மொத்தக் கோரிக்கை முப்பத்தெட்டு.

அக்டோபர் 10, செவ்வாய்

பெற்றோர் சந்திப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் வழக்கம்போல் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். என் அறைக்கு இருபத்தொரு குடும்பம் வந்தது. நேற்று ஏழாவது அட்டை ஏறியிருந்தது. அந்தத் தப்பைக் கண்டுபிடித்த பெண்ணின் தாயார் அதன் பக்கத்தில் மகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் மிசஸ் ஆல்கிரென். பள்ளிக் குழு உறுப்பினர், எழுபத்தொரு வயது, மாவட்ட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் அவருக்குப் பேரப்பிள்ளைகூடக் கிடையாது. ஆனாலும் எல்லா வருடமும் எல்லா அறைக்கும் போய் எல்லோருக்கும் கை கொடுப்பார். காகிதத் தட்டில் பாதி ரோலுடன் சுவர் முன்னால் நின்று ஏழு அட்டையையும் படித்தார். நிதானமாக, இரண்டு முறை.

"இத்தனையும் நீங்க பண்ணினதா?"

"ஆமாம்."

"இந்த வருஷத்துல?"

"ரெண்டு மாசத்துல."

தொலைபேசியை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். கை கொடுத்தார். கை சில்லென்று இருந்தது.

அக்டோபர் 12, வியாழன்

வோண்ட்ரா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அந்தப் படம் குழுவின் மற்ற ஐந்து பேருக்கும் போயிருக்கிறது, கூடவே மிசஸ் ஆல்கிரென் எழுதிய ஒரு வரியும்: வரலாறு தெரியாத ஒருத்தரையா வரலாறு சொல்லித்தர வைத்திருக்கிறோம்?

"ஏப்ரல் வரைக்கும் கழட்டி உள்ள வெச்சிடுங்க, லோர்னா. ஓட்டு முடியட்டும். அப்புறம் கூரை வரைக்கும் ஒட்டிக்கங்க, நானே ஏணி பிடிக்கறேன்."

"இது உத்தரவா?"

"யோசனை. நல்ல யோசனை."

அவர் என் பக்கம்தான். அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

என்ன செய்ய? ஏழு அட்டைதானே. ஆறு மாசம் மேசை இழுப்பறையில இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு — யாரும் கேக்கப்போறதில்ல. பொய் சொல்லல, அழிக்கல. எடுத்து வைக்கறேன், அவ்வளவுதான். மறைக்கறது வேற, எடுத்து வைக்கறது வேற.

வேறயா?

ஒரு நகரத் தலைவர் இதையே என்னிடம் சொல்லியிருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன். ஆனா அவருக்கு முழங்கால் அறுவை பாக்கி இல்லையே.

அக்டோபர் 16, திங்கள்

காலை ஏழரைக்கே போய்க் கழற்றிவிட்டேன். அட்டைக்கு இரண்டு குண்டூசி. உறையில் போட்டு, கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோரிக்கையும் வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியாக அவர்கள் இருந்ததே இல்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

வருகை எடுத்து முடிக்கும் முன்னே கிப் எழுந்தான். கையில் விதித் தாள், நான்காக மடித்து மடித்துக் கிழிகிற நிலையில்.

"மிஸ், ஒரு திருத்தம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேப்பா."

"ஆகஸ்ட் பதினாறு அன்னிக்குச் சொன்னீங்க. 'ஆண்டு முடியும்வரை அங்கேயே இருக்கும்'னு. இப்ப இல்ல. அப்ப அது தப்பு."

"ரெண்டு ஆதாரம் வேணும்."

"ஒண்ணு இந்தத் தாள். கீழ உங்க கையெழுத்து இருக்கு. ரெண்டாவது..." சுவரைக் காட்டினான்.

மரிபெல் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பதினாலு ஓட்டை இருக்கு, மிஸ். எண்ணிட்டேன்."

கிப் உட்காரவில்லை. கேலி செய்கிற முகம் இல்லை அது.

"எங்க அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் தினமும் ஃபோனைப் பைல போடறேன். நாலு நிமிஷம் லேட்டுன்னு முட்டை போட்டீங்க, வாங்கிக்கிட்டேன். நான் ஒண்ணும் சொல்லல. நாங்க எங்க பக்கத்துல ஒழுங்கா இருந்தோமா இல்லையா, மிஸ்?"

இருந்தார்கள்.

இழுப்பறையைத் திறந்தேன். ஏழு அட்டையையும் அதே ஓட்டைகளில் குத்தினேன். எட்டாவதை அவர்கள் எதிரிலேயே எழுதினேன். "இந்தச் சுவரில் ஒட்டப்படும் திருத்தங்கள் ஆண்டு முடியும்வரை இருக்கும் என்று ஆகஸ்ட் 16 அன்று கூறினேன். அக்டோபர் 16 அன்று அவற்றைக் கழற்றினேன். கழற்றியது தவறு. வருந்துகிறேன்." கிப்புக்கு இரண்டு மதிப்பெண்.

"ஏன் மிஸ் கழட்டினீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயந்துட்டேன்" என்றேன். அதற்கு இரண்டாவது ஆதாரம் யாரும் கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் வோண்ட்ராவிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப எத்தனை?"

"எட்டு."

"ஏழுல இருந்து இறங்கச் சொன்னேன், லோர்னா."

நவம்பர் 22, புதன்

நாளை நன்றி நாள் விருந்து. வகுப்பு அரை நாள்தான். டுவேனும் தன் அறையில் திருத்தச் சுவர் ஆரம்பித்தார். மூன்றே நாளில் பத்து அட்டை. "கால்பந்து பத்தி மட்டும் பேசிட்டிருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கழற்றிவிட்டார். அவர் தாளில் அந்த விதி இல்லை, கழற்றலாம்.

ஜனவரி 9, செவ்வாய்

பனி. பள்ளி விடுமுறை. ஒன்பதாவது திருத்தம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. லிங்கன் கெட்டிஸ்பர்க் உரையை ரயிலில் ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதினார் என்று நேற்றுச் சொன்னேன். கட்டுக்கதையாம். கிப், வீட்டில் போர்வைக்குள் இருந்துகொண்டு, மூன்று ஆதாரம். இரண்டு போதும் என்று பதில் போட்டேன். "மூணாவது அடுத்த தப்புக்கு முன்பணம்" என்று எழுதினான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதினோரு அட்டை. வோண்ட்ரா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். மூன்று பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, ஒருவர் வாயே திறக்கவில்லை. மூன்றுக்கு மூன்று ஆனால் நான் வெளியே. எதிர்ப்பில் முதல் பெயர் மிசஸ் ஆல்கிரென். மார்ச்சில் ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம்.

"அன்னிக்கு மட்டும் தேதி எதுவும் சொல்லாதீங்க" என்றார் வோண்ட்ரா.

"வரலாறு வகுப்புல?"

"'ரொம்ப நாளைக்கு முன்னாடி'ன்னு சொல்லுங்க."

மார்ச் 26, செவ்வாய்

வந்தார். கதவுக்குள் கால் வைத்ததுமே கிப் துணிப்பையைக் காட்டினான். "மேடம், ஃபோன்." நான் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் மிசஸ் ஆல்கிரென் தன் தொலைபேசியை எடுத்து, காலியாக இருந்த இருபத்தெட்டாம் எண்ணுக்குள் போட்டார். கடைசி வரிசையில், கைப்பை மடியில்.

முப்பதுகள். புழுதிப் புயல், வறட்சி, பிறகு பண்ணைகளுக்கு மின்சாரம். நம் மாவட்டத்துப் பண்ணைகளில் விளக்கு எரிந்தது 1938-இல் என்றேன். அந்தத் தேதியை மட்டும் நான் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, அத்தனை உறுதி.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அது நாப்பத்தொண்ணு" என்றார் மிசஸ் ஆல்கிரென். "எங்க பெரியண்ணன் பொறந்த வருஷம். குழந்தையத் தொட்டில்ல போட்டுட்டு அப்பா போய் சுவிட்சு போட்டாராம். ஆயிரம் தடவை சொல்லியிருக்கார்."

மரிபெல் நாற்காலியோடு திரும்பினாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "அது ஒரு ஆதாரம், மேடம். ரெண்டாவது இருக்கா?"

மிசஸ் ஆல்கிரென் மடியிலிருந்த கைப்பையை நேராக வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா பொய் சொல்றவர் இல்லம்மா."

"அப்படி யாரும் சொல்லல, மேடம். எங்கப்பா சொன்னதுக்கும் மிஸ் ரெண்டாவது கேட்டாங்க."

மிசஸ் ஆல்கிரென் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வோண்ட்ராவுக்கு என்னைவிட முன்னால் செய்தி போயிருந்தது. "ஓட்டுப் போடப்போறவங்க கிட்ட ரெண்டாவது ஆதாரமா கேட்டீங்க?"

"நான் கேக்கல. மரிபெல் கேட்டா."

"நீங்க அவளைத் தடுத்தீங்களா?"

"இல்ல."

அவர் மேசை மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

மார்ச் 27, புதன்

1938 எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். என்னிடமிருந்தேதான். பத்து வருடத்துக்கு முன், மாவட்ட மின் வாரியத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ரெக்கார்டில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். நறுக்கு என் பெட்டியில் இருக்கிறது. என் ஆதாரம்: வாரியம் வெளியிட்ட விழா மலர்.

ஒரே ஒரு மலர். வேறொன்றும் பார்க்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

பள்ளி முடிந்ததும் மாவட்ட நூலகத்துக்குப் போனேன். ரெக்கார்டின் பழைய தொகுப்புகள் அங்கேதான் கட்டி வைத்திருக்கிறார்கள். 1938 இருந்தது, 39, 40 இருந்தன. 1941 அலமாரியில் இல்லை.

வாசிப்பு மேசையில் இருந்தது. எதிரில் மிசஸ் ஆல்கிரென். கோட்டைக்கூடக் கழற்றாமல், விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குறிப்பேடு, பென்சில். காலையிலிருந்து இருக்கிறார் என்றாள் நூலகப் பெண்.

இன்னொரு நிருபர் துரத்துகிற செய்தியில் நாம் கை வைப்பதில்லை. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. 38 தப்பு என்று இப்போது எனக்கே பாதி தெரிகிறது. ஆனால் ஆதாரம் அவர் கையில். பிள்ளைகளிடம் "விசாரணையில் இருக்கிறது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் ஓட்டெடுப்பு. காப்பீட்டுத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தேன், பிறகு உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

கூட்டம் ஆறு மணிக்கு, பள்ளி நூலகத்தில். சிற்றுந்துப் பழுது, கூடத்துக்குப் புதுத் தரை, பிறகு நான்.

மிசஸ் ஆல்கிரென் எழுந்து பேசினார். பழக்கதோஷம், சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டேன். "நான் முப்பத்து நாலு வருஷம் பத்திரங்களைப் பதிஞ்சவ. ஒரு தேதி தப்பாப் பதிஞ்சா ஒருத்தரோட நிலம் போயிடும். தப்பை ஒத்துக்கறது நல்ல குணம், அதை நான் மறுக்கல. தப்பே பண்ணாம இருக்கறது அதைவிட நல்லது. பதினோரு தப்புக்கு நான் ஆதரவா ஓட்டுப் போட முடியாது."

நியாயமான வாதம். நான் அந்தச் செய்தியை எழுதியிருந்தால் இதைத்தான் மேற்கோள் காட்டியிருப்பேன். பன்னிரண்டு என்று அவர் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

ஓட்டு. வாயே திறக்காதவர் கை தூக்கினார், எனக்கு ஆதரவாக. என் வகுப்பில் படிக்கிற தன் பையன் வீட்டில் சாப்பாட்டு மேசையில் "அது ஒரு ஆதாரம்தான்" என்று உயிரை வாங்குகிறான், இந்த வருடம் அவன் வேறு எந்தப் பாடத்தைப் பற்றியும் பேசிக் கேட்டதில்லை என்றார்.

நாலுக்கு இரண்டு. அடுத்த வருடமும் இங்கேதான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மிசஸ் ஆல்கிரென் என்னைக் கடந்து போனார். வாழ்த்துச் சொல்லவில்லை. நான்கடி போய்த் திரும்பினார்.

"உங்க முதல் வகுப்பு எத்தனை மணிக்கு?"

"எட்டு பத்துக்கு."

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எட்டு ஐந்துக்கு வந்துவிட்டார். யாரும் சொல்லாமலே தொலைபேசி இருபத்தெட்டாம் எண்ணுக்குள் போனது. நேராக மரிபெல் மேசைக்குப் போய் ஒரு கோப்பைத் திறந்து வைத்தார்.

ரெக்கார்டின் மூன்றாம் பக்கத்து நகல், அக்டோபர் 1941. முந்நூற்றுப் பன்னிரண்டு பண்ணைகளில் விளக்கு எரிந்த செய்தி. மின் வாரியத்தின் கூட்டக் குறிப்பேட்டிலிருந்து இன்னொரு நகல், முத்திரையோடு. அதை வாங்கத்தான் மூன்று வாரம் ஆனதாம். வாரியத்துக்காரர்கள் மூன்று முறை அலைக்கழித்திருக்கிறார்கள்.

"ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதினதில்லையே, மேடம்?" என்றாள் மரிபெல்.

"குறிப்பேடு செவ்வாய்க்கிழமை எழுதினது. பத்திரிகைக்காரர் அதுக்கு முந்தின நாளே பண்ணைல நின்னு பார்த்து எழுதியிருக்கார். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவே இல்ல." பிறகு, கொஞ்சம் தணிந்து, "ரெண்டாம் பத்தியில எங்கப்பா பேர் இருக்கு. படிச்சுப் பாரு."

மரிபெல் படித்தாள். "செல்லும், மிஸ்" என்றாள்.

வகுப்புக்கு விளக்கிச் சொன்னேன். 1938-இல் தொடங்கியது வாரியம் மட்டும்தான். கம்பம் நட்டுக் கம்பி இழுக்க மூன்று வருடம் ஆயிற்று. விழா மலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, நான் மலரை அப்படியே பத்திரிகையில் போட்டேன். ஊர் முழுவதும் படித்தது. திருத்தம் போட அந்தப் பத்திரிகை இன்றைக்கு இல்லை.

பன்னிரண்டாவது அட்டையில் வழக்கத்தைவிட ஒரு வரி அதிகம். "ஹாலோவே ரெக்கார்ட் பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட செய்தியிலும் இதே தவறு இருந்தது. அதை எழுதியதும் நான்தான்." மிசஸ் ஆல்கிரென் படித்துப் பார்த்து, பக்க எண்ணைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். குண்டூசியை அவரே குத்தினார். கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று எடுத்து மறுபடி குத்தினார்.

"மேடம், உங்களுக்கு ரெண்டு மார்க்கு" என்றான் கிப். "நீங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? இந்தப் பக்கம் தள்ளிடுங்களேன்."

"உழைச்சு வாங்குடா" என்றார் அவர். வகுப்பு சிரிக்க, அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது.

மணி அடித்ததும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு என் மேசையருகே வந்தார். நேற்று எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடி ஓட்டெடுப்பு வந்தால் மறுபடி அப்படித்தான் போடுவார்.

"நாளைக்கு என்ன பாடம்?"

"ரெண்டாம் உலகப் போர். பேர்ல் ஹார்பர்."

"எங்க பெரியப்பா அங்க இருந்தார்."

கதவருகே கிப், போகாமல் நின்றுகொண்டிருந்தான். "அது ஒரு ஆதாரம், மேடம்."

"தெரியும்" என்றார் மிசஸ் ஆல்கிரென். "வீட்ல அவர் கடிதம் இருக்கு."

இருபத்தெட்டாம் எண்ணில் அவர் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள் மரிபெல். வீட்டுக்கு வந்ததும் நாளைய பாடத்தை எடுத்து முதல் வரியிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். இரண்டு தேதி திருத்தியாயிற்று. இன்னும் ஐந்து பக்கம் இருக்கிறது.